பழைய எம்டிபிக்கு இன்னும் காசு போடலாமா, வேற வாங்கிடலாமா?

பழைய மவுண்டன் பைக் (எம்டிபி) ஒண்ணு நிக்குது, கியர் மாத்தினா ரெண்டு பல்லு தாண்டி விழுது, முன்னாடி ஃபோர்க் (முன் வீலைப் பிடிச்சிருக்குற கவை) அமுங்குது ஆனா திரும்ப எழும்ப யோசிக்குது, பிரேக் புடிச்சா கத்துது. இதைத் தேத்தலாமா இல்ல ஓரங்கட்டிட்டு வேற வாங்கலாமான்னு கேட்டா பத்து பேர் பத்து விதமா சொல்வாங்க. 'அந்தக் காலத்து ஃப்ரேம் மாதிரி இப்ப எங்க வருது'ன்னு ஒரு கூட்டம், '26 இன்ச் வீலா, அதெல்லாம் எப்பவோ போயாச்சு'ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு கூட்டமும் வண்டியோட வயசைத்தான் பாக்குது. என்னைக் கேட்டா ஃப்ரேம்ல இருக்குற நாலஞ்சு அளவைத்தான் பாக்கணும், ஏன்னா மத்த எல்லாத்தையும் காசு குடுத்து மாத்திடலாம், அந்த அளவை மட்டும் மாத்த முடியாது, அது அனுமதிக்கிற வரைக்கும்தான் அந்த வண்டி போகும்.

அதுக்கு முன்னாடி ஒரு கணக்கைப் பிரிச்சு வச்சுக்கணும். ரிப்பேர் வேற, அப்கிரேட் வேற. செயின், பிரேக் பேட், கேபிள், டயர், ட்யூப், க்ரிப் இதெல்லாம் தேயுற சாமான், புது வண்டி வாங்கினாலும் கொஞ்ச நாள் கழிச்சு இதே செலவு வரத்தான் போகுது. அதனால 'இந்த பழைய வண்டிக்கு டயர் மாத்தணும் செயின் மாத்தணும், இவ்ளோ செலவு ஆகுதே, பேசாம புதுசே வாங்கிடலாம்'னு சொல்றது தப்புக்கணக்கு. இன்னொண்ணு, பாதி பேர் 'கியர் போச்சு'ன்னு சொல்றது கியரே இல்ல, கேபிள். அவுட்டர் கேபிளுக்குள்ள துரு ஏறி அழுக்கு சேர்ந்து கேபிள் இழுபடாம நிக்கும், ஷிஃப்டர் பாவம் என்ன பண்ணும். இல்லன்னா டெரெயிலர் (செயினை ஒரு பல்சக்கரத்துலருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற சாமான்) மாட்டியிருக்குற அந்த சின்ன ஹேங்கர், வண்டி ஒரு தடவை வலது பக்கமா சாஞ்சு விழுந்திருந்தா உள்பக்கமா வளைஞ்சிருக்கும், பின்னாடி நின்னு பாத்தா டெரெயிலர் கூண்டு நேரா தொங்காம ஸ்போக் பக்கம் சாஞ்சு நிக்கிறது தெரியும். கேபிளும் அவுட்டரும் புதுசு போட்டு ஹேங்கரை நிமித்திட்டு ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, நிறைய பேருக்கு விஷயம் அங்கயே முடிஞ்சிடும்.

செயினைப் பொறுத்தவரை அளக்க பெரிய டூல் எல்லாம் வேணாம், நல்ல ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு போதும், இன்ச் கோடு போட்டது. செயினை இறுக்கமா பிடிச்சுக்கிட்டு ஒரு பின்னோட நடுவுல ஜீரோவை வச்சா புது செயின்ல 12 இன்ச் கோட்டுல சரியா இன்னொரு பின் நடு வந்து நிக்கும். அது கோட்டைத் தாண்டி 1/16 இன்ச் போயிருந்தா சுமார் 0.5 சதவீதம் நீண்டிருக்கு, செயின் மாத்த வேண்டிய நேரம். 1/8 இன்ச் தாண்டியிருந்தா 1 சதவீதம், அப்ப பின்னாடி கேசட்டும் (பின் வீல்ல இருக்குற பல்சக்கர அடுக்கு) அதே அளவுக்குத் தேஞ்சிருக்கும், புது செயின் மட்டும் போட்டா மிதிக்கும்போது வழுக்கிட்டு ஓடும். அதாவது செயின், கேசட், பல நேரம் முன்னாடி பல்சக்கரமும் சேர்த்து மாத்தணும். இந்த நிலைமைக்கு வந்துட்ட வண்டிலதான் உண்மையிலேயே அப்கிரேட் கேள்வி வருது, எப்படியும் காசு போடப்போறோம், பழையபடியே போடலாமா இல்ல அடுத்த லெவலுக்குப் போயிடலாமான்னு.

ஆனா ஒரு ரூபா போடுறதுக்கு முன்னாடி ஃப்ரேமைக் கழுவுங்க. நல்லா சோப்பு போட்டு, கிரீஸ் எல்லாம் துடைச்சு, டார்ச்சை சாய்ச்சு அடிச்சு வெல்டிங் இருக்குற இடத்தை எல்லாம் பாருங்க. முக்கியமா ஹெட் ட்யூபுக்குக் (ஃபோர்க் நுழையுற முன் குழாய்) கீழ டவுன் ட்யூப் (அங்கருந்து பெடல் பக்கம் சாஞ்சு இறங்குற குழாய்) சேர்ற இடம், பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் சுத்துற பேரிங் இருக்குற இடம்) சுத்தி, சீட் கிளாம்புக்குக் கீழ, செயின்ஸ்டேல (பின் வீலுக்குப் போற கீழ்க்குழாய்) கிராங்குக்குப் பின்னாடி, ட்ராப்அவுட் (பின் ஆக்ஸில் உக்கார்ற இடம்). முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அது பெயிண்ட் கீறலா மெட்டல் விரிசலான்னு சந்தேகம் வரும், அப்ப கொஞ்சம் பஞ்சை எடுத்து அது மேல இழுத்துப் பாருங்க, விரிசலா இருந்தா பஞ்சு நூல் மாட்டும், ஸ்டீல் ஃப்ரேமா இருந்தா அந்தக் கோட்டுலயே துரு கசிஞ்சு பழுப்பா தெரியும். ஸ்டீல்ல விரிசல் விட்டா தெரிஞ்ச ஆள் கையில குடுத்து வெல்டு வைக்கலாம். அலுமினியம்னா யோசிக்கவே வேணாம், 6061 மாதிரி அலுமினியத்தை ஃபேக்டரில வெல்டு பண்ணி முடிச்சதும் மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணித்தான் பலத்தைக் கொண்டு வர்றாங்க, வெளில சும்மா வெல்டு வச்சா அந்த இடம் மெத்துன்னு ஆயிடும். கேள்விக்கே இடமில்ல, அந்த ஃப்ரேம் முடிஞ்சது.

அதே நேரத்துல சீட் போஸ்ட் அசையுதான்னு பாத்துடுங்க. கிளாம்பை லூஸ் பண்ணிட்டு சீட்டைப் பிடிச்சு இடது வலது திருப்பணும், வரணும். வருஷக்கணக்கா கழட்டாம விட்ட வண்டில போஸ்ட் ஃப்ரேமோட ஒட்டிக்கிட்டு கல்லு மாதிரி நிக்கும், ஸ்டீல் ஃப்ரேம்ல அலுமினிய போஸ்ட் போட்டிருந்தா ரெண்டு மெட்டலுக்கும் நடுவுல ஈரம் புகுந்து அரிச்சு பூத்துப்போய் இறுகிடும். அதை எடுக்க சில நேரம் போஸ்ட்டை அறுத்து உள்ளருந்து நீளவாக்குல கீறி எடுக்கற அளவுக்குப் போயிடும். பெடலும் பாட்டம் பிராக்கெட்டும் இதே கதைதான். கழட்ட முடியாத வண்டிக்குப் பார்ட்ஸ் ஆர்டர் போட்டு என்ன பிரயோஜனம்.

இப்ப அந்த அளவுகளுக்கு வருவோம். முதல்ல ஹெட் ட்யூப். அதுக்குள்ள போற ஃபோர்க்கோட கழுத்து கீழருந்து மேல வரைக்கும் ஒரே தடிமனா, 1 1/8 இன்ச், அதாவது 28.6 மிமீ இருந்தா அது ஸ்ட்ரெய்ட். இப்ப வர்ற நல்ல ஃபோர்க் கிட்டத்தட்ட எல்லாமே டேப்பர்டு, மேல 1 1/8, கீழ 1.5 இன்ச். பழைய 34 மிமீ ஹெட் ட்யூப்ல டேப்பர்டு ஃபோர்க் எப்படிப் போட்டாலும் நுழையாது. 44 மிமீ ஹெட் ட்யூபா இருந்தா கீழ வெளில நிக்கிற கப் ஒண்ணு போட்டு டேப்பர்டை ஏத்திடலாம், அது ஒரு பெரிய வரம், ஏன்னா ஃபோர்க் மார்க்கெட் மொத்தமும் உங்களுக்குத் திறந்துடும். வெர்னியர் வச்சு உள் விட்டத்தை அளந்து பாருங்க, இல்லன்னா ஹெட் ட்யூபைப் பாத்தாலே தெரியும், ஒல்லியா இருந்தா 34, குண்டா ட்ரம் மாதிரி இருந்தா 44. இன்னும் பழசுன்னா 1 இன்ச் த்ரெட் ஃபோர்க் இருக்கும், அதுல சஸ்பென்ஷன் அப்கிரேட்னு ஒண்ணைப் பத்திப் பேசவே வேணாம்.

அடுத்து பின் ஆக்ஸில். பழசுல பெரும்பாலும் க்விக் ரிலீஸ் (நெம்புகோலைத் திருப்பிக் கழட்டுற ஒல்லி ஆக்ஸில்), 135 மிமீ. அதுக்கப்புறம் 12x142 த்ரூ ஆக்ஸில் (ஃப்ரேமுக்குள்ள ஊடுருவித் திருகி நிக்கிற தடி ஆக்ஸில்) வந்துச்சு, 2015 வாக்குல பூஸ்ட்னு 148 மிமீ அகலம் வந்து அதுவே வழக்கமாகிப்போச்சு. 142-க்கும் 135-க்கும் உண்மைல பெரிய வித்தியாசம் இல்ல, நிறைய ஹப்ல ஓரத்துல எண்ட் கேப் மாத்தினா ரெண்டுக்கும் ஓடும். பூஸ்ட் அப்படி இல்ல, பழைய ஃப்ரேம்ல அது உக்காராது. அதனால இன்னைக்கு நல்ல வீல் வாங்கி பழைய வண்டில போட்டு நாளைக்கு புது ஃப்ரேமுக்கு மாத்திக்கலாம்னு கணக்குப் போடுறவங்க இந்த இடத்துல நிதானிக்கணும், பின் வீல் பெரும்பாலும் கூட வராது.

வீல் சைஸ் விஷயத்துல ஒரு வேடிக்கை இருக்கு. 26, 27.5, 29-ன்னு கேக்கும்போது 27.5 சரியா நடுவுல இருக்குற மாதிரி தோணும். டயர் உக்கார்ற ரிம் விட்டம் பாத்தா 559, 584, 622 மிமீ, அதாவது 26-லருந்து 25 மிமீதான் தள்ளி, 29-க்கு இன்னும் 38 மிமீ இருக்கு. அதனாலதான் சில பேர் டிஸ்க் பிரேக் இருக்குற 26 ஃப்ரேம்ல 27.5 வீலை நுழைச்சுடறாங்க. நுழையும் சில ஃப்ரேம்ல, ஆனா டயர் ஒல்லியா போடணும், சேறு ஒட்டினா ஃப்ரேம்ல உரசும், வண்டியும் கொஞ்சம் உயரமாகிடும். எனக்கு இதுல லாபம் எதுவும் தெரியல. 26-லயே அகலமான நல்ல டயர் போடுறது எவ்வளவோ மேல், மேக்ஸிஸ், ஷ்வால்பே மாதிரி கம்பெனிங்க இன்னும் 26-க்கு டயர் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, முன்ன மாதிரி வெரைட்டி கிடையாது அவ்வளவுதான். காய்ஞ்சு வெடிப்பு விட்ட 1.95 டயரைக் கழட்டிட்டு ஃப்ரேம் இடம் குடுத்தா 2.25-ஓ 2.3-ஓ போட்டு காத்தைக் கொஞ்சம் குறைச்சு ஓட்டிப் பாருங்க, வேற எந்த அப்கிரேடும் இவ்ளோ கம்மி காசுல இந்த மாற்றத்தைக் குடுக்காது. கல்லு மேல ஏறும்போது கையில வர்ற அதிர்ச்சி பாதி குறையும், மேட்டுல பின் வீல் சுத்தாம பிடிக்கும்.

பிரேக். ஃப்ரேம்ல டிஸ்க் காலிப்பர் மாட்டுற காது இருக்கா பாருங்க. இல்லன்னா டிஸ்க் மாத்துற யோசனையை விட்டுடுங்க, அடாப்டர் கிடாப்டர்னு கிடைக்கும், நான் போட மாட்டேன், அந்த ஃப்ரேம் ஸ்டே அந்த லோடை வாங்க செஞ்சது இல்ல. நல்ல பேட், புது கேபிள் போட்ட வி-பிரேக் (ரிம்மோட பக்கத்தைப் பிடிக்கிறது) காய்ஞ்ச இடத்துல நல்லாவே நிக்கும். ஒண்ணு மட்டும், ரிம்மோட பக்கவாட்டை விரலால தடவிப் பாருங்க, நடுவுல குழிவா தேஞ்சிருந்தா அந்த ரிம் ஆயுசு முடியப்போகுதுன்னு அர்த்தம், காத்தடிச்ச பிரஷர்ல ரிம் சுவரே பிளந்துக்கும், அதுவும் இறக்கத்துல பிளந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. டிஸ்க் காது இருந்து மெக்கானிக்கல் டிஸ்க் (கேபிள் இழுக்குறது) ஓடுதுன்னா ஹைட்ராலிக்குக்கு (ஆயில் தள்ளுறது) மாத்துறது நல்ல செலவு, ஷிமானோ கம்பெனியோட கீழ்மட்ட ஹைட்ராலிக் செட்டே போதும், ஒரு விரல்ல நிக்கும். ஏற்கனவே ஹைட்ராலிக் இருந்து மெத்துன்னு போகுதுன்னா ப்ளீடு பண்ணி (உள்ள சிக்கின காத்தை வெளில எடுத்து) பாருங்க, ஆனா ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் கம்பெனி பிரேக்ல பெரும்பாலும் டாட் ஃப்ளூயிட், மாத்தி ஊத்தினா சீல் ஊதிப்போய் பிரேக்கே போயிடும்.

ட்ரைவ்ட்ரெய்ன், அதாவது செயின், பல்சக்கரம், கியர் எல்லாம் சேர்ந்தது, அதுதான் பழைய வண்டில எனக்குப் பிடிச்ச அப்கிரேட். முன்னாடி மூணு பல்சக்கரம், பின்னாடி எட்டு ஒன்பதுன்னு இருக்குறதை முன்னாடி ஒண்ணே ஒண்ணு, பின்னாடி அகலமான கேசட்னு மாத்துறது. இடது ஷிஃப்டர், முன் டெரெயிலர், ரெண்டு சக்கரம், ஒரு கேபிள் அத்தனையும் கழண்டுடும், செயின் கழண்டு விழுற தலைவலி போயிடும், ஓட்டும்போது யோசிக்க ஒரு வேலை குறையும். இது பழைய வீல்லயே நடக்குமாங்கறதுதான் கேள்வி. பின் ஹப்ல (வீலோட நடு உருளைல) கேசட் ஏறுற ஃப்ரீஹப் இருந்தா, அதுவும் ஷிமானோவோட பழைய ஹெச்ஜி வகை பாடின்னா (கேசட் கோத்து நிக்கிற உருளை), உங்க நேரம் நல்லா இருக்கு. 8, 9, 10 ஸ்பீடு ஓடின அதே பாடில ஷிமானோ டியோர் 11 ஸ்பீடு 11-51 பல்லு கேசட் ஏறும், மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 ஸ்பீடு 11-48 ஏறும், ஏன் ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள் 12 ஸ்பீடு 11-50 கூட ஏறும். ஸ்ராமோட மேல்மட்ட கேசட் எக்ஸ்டி (XD)ன்னு வேற பாடி கேக்கும், ஷிமானோ 12 ஸ்பீடு மைக்ரோ ஸ்ப்லைன்னு வேற பாடி கேக்கும், அதுக்குப் பழைய ஹப்ல பாடி கிடைக்கறது அபூர்வம், அப்ப வீலையே மாத்தணும், அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆனா பின்னாடி 7 ஸ்பீடு, அதுவும் பல்சக்கரம் மொத்தமா ஹப்ல திருகி ஏத்துற ஃப்ரீவீல்னா நிலைமை வேற. அதுல பெரிய கேசட் ஏறாது, ஆக்ஸிலும் பேரிங் தள்ளி நிக்கிறதால சுமை ஏறினா வளையும். இந்த மாதிரி வண்டில ட்ரைவ்ட்ரெய்ன் மாத்தணும்னா பின் வீலும் சேர்த்து வாங்கணும், கணக்கு எகிறிடும்.

கலந்து மாட்டுறதுல ஒரு பொறி இருக்கு, அது தெரியாம நிறைய பேர் காசை விடறாங்க. ஷிமானோ எம்டிபில 9 ஸ்பீடு வரைக்கும் ஷிஃப்டர் ஒரு க்ளிக்குக்கு இழுக்குற கேபிள் நீளமும் டெரெயிலர் நகர்ற தூரமும் ஒரு விகிதத்துல இருந்துச்சு, 10 ஸ்பீடு வந்தப்போ அதை மாத்திட்டாங்க. அதனால 9 ஸ்பீடு ஷிஃப்டரை வச்சுக்கிட்டு 10 ஸ்பீடு டெரெயிலர் மட்டும் வாங்கினா எத்தனை நாள் ட்யூன் பண்ணாலும் செட் ஆகாது. ஷிஃப்டர், டெரெயிலர், கேசட், செயின் நாலும் ஒரே குடும்பமா ஒண்ணா வாங்குங்க. டெரெயிலர்ல க்ளட்ச் (செயின் துள்ளாம இறுக்கிப் பிடிக்கிறது) இருக்கணும், முன்னாடி நேரோ-வைட் (பல்லு ஒண்ணு ஒல்லி, அடுத்தது அகலம்) பல் சக்கரம் போடணும், அது பெரும்பாலும் பழைய கிராங்குலயே 104 மிமீ போல்ட் வட்டத்துல நடு சக்கரம் இருந்த இடத்துல 32 பல்லா உக்காரும். மலிவு கிராங்கா இருந்து சக்கரம் ரிவிட் அடிச்சிருந்தா கிராங்கையும் மாத்தணும்.

ஃபோர்க்குக்கு வந்தாத்தான் கணக்கு குழம்புது. மலிவு வண்டில வர்ற காயில் (ஸ்பிரிங்) ஃபோர்க் பெரும்பாலும் இரண்டரை கிலோவைத் தாண்டும், டேம்பிங்னு (அமுங்கி எழும்புற வேகத்தைக் கட்டுப்படுத்துறது) சொல்லிக்க எதுவும் இருக்காது, அதை சர்வீஸ் பண்ணி உருப்படியா வராது. நல்ல ஏர் ஃபோர்க்னா (உள்ள காத்தடிச்சது) முதல்ல சர்வீஸ் பண்ணிப் பாருங்க, ஃபோர்க் செய்யுற ராக்ஷாக்ஸ் கம்பெனி சொல்ற கணக்குப்படி லோயர் லெக் (ஃபோர்க்கோட கீழ்க்கால்) 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கழட்டித் துடைச்சு ஆயில் மாத்தணும், யார் பண்றோம். பத்து வருஷமா திறக்காத ஃபோர்க்கைத் திறந்தா உள்ள ஆயில் கருப்புச் சேறா இருக்கும், ஃபோம் ரிங் காய்ஞ்சு கருவாடா இருக்கும், அதை மாத்தி சீல் போட்டதும் புதுசு மாதிரி வழுக்கிட்டுப் போகும். ஃபோர்க்கோட மேல் ட்யூபைத் தொட்டுப் பாருங்க, கோட்டிங் தேஞ்சு வெள்ளையா பளபளன்னு தெரிஞ்சாலோ நகத்துல மாட்டுற கீறல் இருந்தாலோ மட்டும் அந்த ஃபோர்க்குக்குக் காசு போட வேணாம், புது சீலும் கொஞ்ச நாள்ல கிழிஞ்சுடும்.

புது ஃபோர்க்தான் போடணும்னா 26-க்கு, ஸ்ட்ரெய்ட் கழுத்துக்கு, அதுலயும் க்விக் ரிலீஸுக்குன்னு தேடினா கிடைக்கறது ரொம்பக் கம்மி, கிடைக்கறதும் கீழ்மட்ட மாடல்தான். அப்புறம் ட்ராவல் (ஃபோர்க் அமுங்குற தூரம்) ஆசை. 80 மிமீ இருந்த வண்டில 120 போட்டா செமயா இருக்கும்னு தோணும். முன்னாடி 20 மிமீ உயர்ந்தா ஹெட் ஆங்கிள் (ஹெட் ட்யூப் சாஞ்சிருக்குற கோணம்) சுமார் 1 டிகிரி சாயும், 40 மிமீக்கு 2 டிகிரி, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சீட்டும் அதே 2 டிகிரி பின்னாடி சாயுது, மேடு ஏறும்போது முன் வீல் தூக்கிக்கிட்டு அலையும், ஹெட் ட்யூப்ல விழுற நெம்புகோல் விசையும் கூடும். முன்ன சொன்ன விரிசல் எங்க வரும்னு பாத்தோமே, அதே இடம்தான். 20 மிமீ வரைக்கும் கூட்டலாம், அதுக்கு மேல வேணாம்.

இங்கதான் காசு குடுத்து வாங்க முடியாத விஷயம் வருது, ஜியாமெட்ரி, அதாவது ஃப்ரேமோட கோணமும் நீளமும். 90-கள்ல, 2000-த்தோட ஆரம்பத்துல வந்த எம்டிபில ஹெட் ஆங்கிள் 70, 71 டிகிரி, நீளமான ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கிற துண்டு), 600 மிமீக்குக் கொஞ்சம் முன்ன பின்ன ஹேண்டில்பார். இப்ப ட்ரெயில் பைக் ஹெட் ஆங்கிள் 64-லருந்து 66 டிகிரி, சீட் ஆங்கிள் 76-க்கு மேல, ஹேண்டில்பார் 760-லருந்து 800 மிமீ, ஸ்டெம் 35-லருந்து 50. செங்குத்தா இறங்குற இடத்துல பழைய வண்டில ஹேண்டில் மேல கவுந்துடுவோமோன்னு வயித்தைப் பிசையும், அதே இடத்துல புது வண்டி சும்மா உருண்டு போயிடும். இது ஓட்டுறவன் திறமை சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, முன் வீல் நமக்கு எவ்ளோ முன்னாடி இருக்குங்கற கணக்கு. ஸ்டெம்மை 60 மிமீக்குக் குறைச்சு 720, 740-ல அகலமான பார் போட்டா பழைய வண்டியும் கொஞ்சம் நிதானமாகும், ஆனா ஃப்ரேம் ஏற்கனவே குட்டையா இருக்குறதால முழங்கால் ஹேண்டில்ல இடிக்கிற மாதிரி உக்கார வேண்டி வரலாம். கொஞ்சம்தான் ஏமாத்த முடியும். கரடுமுரடான இறக்கம்தான் உங்க ஆசைன்னா பழைய ஃப்ரேம்ல எதைப் போட்டாலும் அந்த ஆசை தீராது. மண் ரோடு, வரப்பு, காட்டுப் பாதைன்னு சுத்துறவங்களுக்கு பழைய ஜியாமெட்ரி ஒரு குறையே இல்ல, மேட்டுலயும் வளைவுலயும் இன்னும் சுறுசுறுப்பாவே இருக்கும்.

செலவுக் கணக்குல ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சைக்கிள் கம்பெனிக்கு ஃபோர்க்கும் கியர் செட்டும் மொத்தமா ஃபேக்டரி விலையில போகுது, நாம தனித்தனியா டப்பால வாங்குறது சில்லறை விலை. அதனால ஒரு நடுத்தர முழு வண்டியில இருக்குற பார்ட்ஸை எல்லாம் தனித்தனியா கூட்டிப் பாத்தா முழு வண்டியை விட அதிகமா வரும், ஃப்ரேம் சும்மா குடுத்த மாதிரி இருக்கும். என் வழி ரொம்ப சிம்பிள். ஃபோர்க், வீல், ட்ரைவ்ட்ரெய்ன் இந்த மூணு பெரிய செலவுல ஒண்ணு மட்டும் தேவைன்னா பழைய வண்டிலயே போடுங்க. ரெண்டு தேவைன்னா நிறுத்திட்டு செகண்ட் ஹேண்ட் விலையைப் பாருங்க. மூணும் தேவைன்னா பேச்சே இல்ல, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் ஆயிடும். இதுக்கு விதிவிலக்கு உண்டு, சில பேருக்கு கையில கிரீஸ் ஆகிறதுதான் சந்தோஷமே, அவங்க ஓட்டுறதை விட கழட்டி மாட்டுறதுதான் அதிகம், அவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பொருந்தவும் வேணாம்.

சரி, புதுசுன்னு முடிவு பண்ணியாச்சுன்னா எந்தப் புதுசு? அடிமட்ட விலைல கிடைக்கற புது எம்டிபி பழைய நல்ல வண்டியை விட மோசமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. பெயிண்ட் பளபளக்கும், டிஸ்க் பிரேக் இருக்கும், ஆனா பின்னாடி அதே திருகு ஃப்ரீவீல் 7 ஸ்பீடு, அதே காயில் ஃபோர்க், அதே க்விக் ரிலீஸ், அதே ஸ்ட்ரெய்ட் ஹெட் ட்யூப். அதாவது இன்னைக்கு நீங்க எதைக் குறைன்னு சொல்லி பழசை விக்கிறீங்களோ அதையே புதுப் பெயிண்ட்ல வாங்குறீங்க. டியோர் (ஷிமானோவோட நடுத்தர கியர் செட்) இருக்குற பத்து வருஷப் பழைய வண்டியைக் குடுத்துட்டு டூர்னி (அதோட அடிமட்ட செட்) இருக்குற புது வண்டி வாங்குறது இறக்கம், ஏற்றம் இல்ல. புதுசுல பார்ட்ஸை விட ஃப்ரேமைப் பாருங்க: டேப்பர்டு ஹெட் ட்யூப், பின்னாடி 148 த்ரூ ஆக்ஸில், முடிஞ்சா யூடிஹெச் ஹேங்கர், ட்ராப்பர் போஸ்ட்டுக்கு (ஓட்டும்போதே சீட்டை ஏத்தி இறக்குற போஸ்ட்) ஃப்ரேமுக்குள்ள கேபிள் வழி. யூடிஹெச்ங்கறது ஸ்ராம் 2019-ல கொண்டு வந்த பொது ஹேங்கர், கம்பெனிக்கு ஒண்ணு மாடலுக்கு ஒண்ணுன்னு ஹேங்கர் தேடி அலைஞ்சவங்களுக்கு அதோட அருமை தெரியும், 2023-ல வந்த ஸ்ராமோட 'ட்ரான்ஸ்மிஷன்' கியர் செட் அந்த ஃப்ரேம்ல மட்டும்தான் ஏறும். இந்த நாலும் இருந்தா பார்ட்ஸ் சுமாரா இருந்தாலும் பரவால்ல, தேயத் தேய நல்லது போட்டுக்கலாம், அந்த ஃப்ரேம்ல போடுற காசு வீணாகாது.

அந்த ஃப்ரேம் புதுசுல கட்டுப்படியாகலன்னா நாலஞ்சு வருஷப் பழைய செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, என்னைப் பொறுத்தவரை பெரும்பாலானவங்களுக்கு இதுதான் சரியான வழி, ஏன்னா முதல் ரெண்டு வருஷத்துலயே விலை பெருசா இறங்கிடும், ஜியாமெட்ரி அப்படியேதான் இருக்கும். பாக்கப் போகும்போது ஸ்கேலை எடுத்துட்டுப் போங்க, செயினை அளங்க, முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஹெட்செட்ல (ஹெட் ட்யூபோட பேரிங்ல) டொக்குன்னு வருதா பாருங்க, கிராங்கைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, ட்ராப்பர் முழுசா எழும்புதா பாருங்க. கார்பன் ஃப்ரேம்னா காசை எடுத்து மெல்லத் தட்டிக்கிட்டே போகும்போது ஒரு இடத்துல மட்டும் சத்தம் மந்தமா வந்தா அங்க அடி வாங்கியிருக்கலாம், தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வராம வாங்காதீங்க.

உங்க பழைய வண்டி ஃபுல் சஸ்பென்ஷன்னா (பின்னாடியும் சஸ்பென்ஷன் இருக்குறது) நான் கொஞ்சம் கடுமையாவே சொல்வேன், மாத்திடுங்க. பின் ஷாக், பிவட் (பின்பாதி அசையுற மூட்டு) பேரிங், புஷ்ஷிங் எல்லாம் சேர்ந்து தேஞ்சிருக்கும், அந்த மாடலுக்கான பிவட் போல்ட்டைக் கம்பெனியே நிறுத்தியிருக்கும், ஷாக் அளவும் 2016-க்கு அப்புறம் மெட்ரிக்குக்கு மாறிப்போச்சு, பழைய 200x57, 190x51 அளவுல புதுசு தேடறது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிட்டே போகுது. பின் வீலைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா பின்பாதி முழுசும் தனியா ஆடுதுன்னா அதுவே பதில். ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாதது) அப்படி இல்ல, அதுல பின்னாடி கெட்டுப்போக ஒண்ணும் இல்ல.

மூணாவதா ஒரு வழி இருக்கு, பலர் யோசிக்கறதில்ல. பழைய வண்டியோட வேலையை மாத்திடறது. 90-களோட ஸ்டீல் எம்டிபி, முக்கியமா முன்னாடி சஸ்பென்ஷனே இல்லாத ரிஜிட் வண்டி, தூரப் பயணத்துக்கும் தினசரி ஓட்டத்துக்கும் அருமையான ஃப்ரேம். கேரியர் மாட்ட ஓட்டை இருக்கும், அகல டயர் போகும், ஸ்கொயர் டேப்பர் பாட்டம் பிராக்கெட் இன்னைக்கும் எங்க தேடினாலும் கிடைக்கும். செத்துப்போன காயில் ஃபோர்க்கைக் கழட்டிட்டு அதே உயரத்துக்கு வர்ற ரிஜிட் ஃபோர்க் போட்டா வண்டி ஒன்றரை கிலோ வரைக்கும் குறையலாம், வழவழப்பான 26x1.75 டயர் போட்டா ரோட்டுல பறக்கும். ஃபோர்க் வாங்கும்போது பழைய ஃபோர்க்கோட கிரவுன்லருந்து ஆக்ஸில் வரைக்கும் அளந்துக்கோங்க, அதுல ஆள் உக்காந்தா அமுங்குற அளவைக் கழிச்சுட்டு அதுக்குப் பக்கத்துல வர்ற ரிஜிட்டாப் பாத்து எடுங்க. இந்த செலவு ரொம்பச் சின்னது, மண்ணுல ஓட்ட வேற ஒண்ணு வாங்கினாலும் இது வேலையில்லாம நிக்காது.

எதுவா இருந்தாலும் ஆரம்பிக்கிறது கூட வர்ற சாமான்லருந்து இருக்கட்டும். நல்ல ஃப்ளாட் பெடல், உங்களுக்குப் பொருந்துற சீட், க்ரிப், இதெல்லாம் நாளைக்கு எந்த வண்டிக்கும் மாறிடும், பழசுல போட்டாலும் நஷ்டமில்ல. ஹேண்டில்பார் வாங்கினா கிளாம்ப் அளவு 31.8-ல எடுங்க, பழைய 25.4 ஸ்டெம்மையும் சேர்த்து மாத்த வேண்டி வரும், பரவால்ல, ஸ்டெம் மலிவுதான். ட்ராப்பர் போஸ்ட் கொஞ்சம் யோசிக்கணும், பழைய ஃப்ரேம்ல பல நேரம் 27.2 மிமீ துளை இருக்கும், அந்த அளவுல ட்ராப்பர் வகையும் கம்மி, ட்ராவலும் கம்மி, புது ஃப்ரேம்ல 30.9, 31.6, 34.9-ன்னு இருக்கும், ஷிம் (நடுவுல சொருகுற மெல்லிசான குழாய்) போட்டு ஏத்திக்கலாம், ஆனா ஒல்லி போஸ்ட்டுக்கு காசு போட்டோமேன்னு அப்புறம் தோணும். பழசை விக்கறதா இருந்தா போட்ட பெடலையும் சீட்டையும் கழட்டிட்டு வண்டியோட வந்த ஒரிஜினலை மாட்டிக் குடுங்க, வாங்க வர்றவங்க பெடலைப் பாத்து ஒரு பைசா கூட சேர்த்துக் குடுக்கப் போறதில்ல.